லாக்

கணினிப் பணியில் நாம் 'லாக்' என்று சொல்வது முதலில் வெறும் மரக்கட்டை. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணற்கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு போயிற்று என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அதை எழுதிவைத்த ஏடு 'லாக் புக்'. கப்பல் வேகத்தின் அலகான 'நாட்' என்பதும் அந்த முடிச்சுதான். பின்னாளில் சர்வரில் நடப்பதை வரிவரியாகக் குறிக்கும் கோப்புக்கும் அதே பெயர் வந்தது.

தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல் 'அடங்கல்'. 'அடங்கு' என்பதிலிருந்து பிறந்தது. நிலமும் பயிரும் அடங்கிய கிராமக் கணக்கு. நம் ஊர் விவசாயிக்கு இது பழகிய பேச்சு. எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர், சரிபார்ப்பவர் வருவாய் ஆய்வாளர். மற்றவர் கை அதில் படக்கூடாது.

லினக்ஸில் இந்த ஒழுங்கைச் சொல்லும் கோப்பு அனுமதி எண் 640. படிக்க 4, எழுத 2. முதல் இலக்கம் உரிமையாளருக்கு: படிக்கலாம், எழுதலாம். அடுத்தது குழுவுக்கு: படிக்க மட்டும். கடைசிச் சுழியம் மற்ற எல்லோருக்கும்: எதுவும் முடியாது. உபுண்டுவில் உள்நுழைவுகளைக் குறிக்கும் auth.log கோப்பு இப்படித்தான் இருக்கிறது.

நிரலால் எழுத முடியவில்லை என்றதும் பலர் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிடுகிறார்கள். அப்போது உள்ளே புகுந்தவன் தன் தடயத்தைத் தானே அழித்துவிடலாம். அதற்குப் பதிலாகக் கோப்பின் உரிமையாளரைத் திருத்துங்கள், பழைய கோப்பு சுழன்று புதியது உருவாகும்போதும் 640 வரும்படி 'லாக்ரொட்டேட்' அமைப்பில் எழுதிவையுங்கள்.