உளிச் சத்தம் எங்கே போச்சு? எம்பி3 வந்த கதை

போன எபிசோடுக்காக மாமல்லபுரத்துல ஒரு சிற்பக்கூடத்துக்குப் போய், கல் கொத்துற சத்தத்தைப் பதிவு பண்ணிட்டு வந்தேன். எபிசோட் வெளியானதும் அந்தச் சிற்பியே போன் பண்ணார். “தம்பி, பேச்சு நல்லா இருக்கு. ஆனா அது என் உளி இல்லையே?”

சாதாரணமா எடுத்துக்க முடியல. கல்லைத் தட்டி, அதன் ஓசையை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் மரபு அவருடையது.

தப்பு ஃபைலைச் சுருக்கின இடத்துல. சிடி தரத்தில் அரை மணி நேர ஒலி 300 எம்பியைத் தாண்டும். 1980-களில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் குழுவும் கேட்ட கேள்வி இது: பெரிய சத்தம் வரும்போது பக்கத்திலிருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது, விழாததுக்கு எதுக்கு இடம்? சூசன் வேகா இசைக்கருவி இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தார்கள். 1995 ஜூலை 14-ல் ‘.எம்பி3’ என்ற பெயர் முடிவானது. நொடிக்கு 128 கிலோபிட்டில் அதே அரை மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கியது.

ஆனா அவங்களையே திணறடிச்ச ஒரு சத்தம் உண்டு: ஸ்பெயினின் காஸ்டனெட், கையில் வைத்துத் தட்டும் மரச்சில்லு. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் சுருக்கும். துண்டின் நடுவில் ‘டக்’கென்று அடி விழுந்தால், சுருக்குவதில் வரும் பிழை துண்டு முழுக்கப் பரவும். அடி விழும் முன்னாடியே ஒரு இரைச்சல் கேட்கும். அந்த இடத்தில் மட்டும் துண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறுக்கிச் சமாளித்தார்கள். அதுக்கும் போதுமான பிட் வேணும்.

நானோ, கேட்கிறவங்க டேட்டா மிச்சமாகட்டும்னு 48 கிலோபிட் வெச்சேன். உளியும் ஒரு காஸ்டனெட்தான். ‘டிங்’ போய், ‘ச்சுக்’ ஆயிடுச்சு.

ஒருமுறை நீக்கினது திரும்ப வராது. 48-ஐ 320 ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும். செங்கல்பட்டு வீட்டில் மூல வேவ் ஃபைலைத் தேடினேன். இடம் பத்தலைன்னு நானே அழிச்சிருந்தேன். மறுபடி மாமல்லபுரம் போனப்போ அந்தச் சிலை முடிஞ்சு, வண்டி ஏறிப் போயிருந்தது. அந்தக் கல்லோட சத்தம் இனி யார்கிட்டயும் இல்லை.

இப்போ மூலத்தை ரெண்டு இடத்துல வெச்சுட்டுத்தான் சுருக்கறேன். இன்னிக்கு எபிசோட் 128-ல. கடைசியில் வேறொரு கல் வருது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.