நட்சத்திர வீரர் நிர்வாகியாகும்போது: கல்குடாக் கழகங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கை உதைபந்தாட்டம் தேர்தல் சச்சரவிலோ தடையிலோ சிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது: அரசியல்வாதியையும் வியாபாரியையும் விலக்கிவிட்டு, ஆடத் தெரிந்தவரிடம் சம்மேளனத்தைக் கொடுங்கள். 2023 ஜனவரியில் சர்ச்சைகளுக்கிடையே நடந்த சம்மேளனத் தேர்தலை அடுத்து, மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி அம்மாதம் 21ஆம் திகதி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதிவரை நீடித்த அத்தடையால், அவ்வாண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியச் சுற்றுப்போட்டியில் நம் அணி ஆடவில்லை. கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் மாலை ஆட்டம் முடிந்து பேசிக்கொண்டிருப்பவர்களிடம் இப்பேச்சை எடுத்தால் இன்றும் அந்த மருந்தைத்தான் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பி நடந்தால் விளையாட்டுக்கு நட்டமே வரும் என்பது என் நிலைப்பாடு.

உண்மையான பாதியை முதலில் பார்க்கலாம். அமண்டா குடோல், லோரன்ஸ் கான், அன்ட்ரூ ஒஸ்வல்ட் ஆகிய மூவர் அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்துப் பயிற்றுநர்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்னாள் நட்சத்திர வீரர்களும் நீண்டகாலம் ஆடியவர்களும் பயிற்றுவித்த அணிகள் கூடுதலாக வென்றிருந்தன என்பது அவர்களது முடிவு. துறையறிவு உள்ளவரே அத்துறைக்கு நல்ல தலைவர் என்ற வாதத்துக்கு இது வலுவான சான்று. ஆயினும் அங்கே அளக்கப்பட்டது பயிற்றுநரின் வேலை. யாரை இறக்குவது, யாரை எப்போது மாற்றுவது, தோற்றுத் திரும்பும் அணியிடம் என்ன பேசுவது என்பவற்றில் ஆடியவரின் கண் உதவும். தலைவர் நாற்காலியில் இருப்பவர் முன் வரும் கோப்புகளோ வேறு வகை. பயிற்றுநரைப் பற்றிய முடிவைத் தலைவருக்கும் பொருத்துவதில்தான் வழக்கமான வாதம் இடறுகிறது.

இந்தியாவின் 2022 அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைமையில் 2009 முதல் இருந்த பிரபுல் பட்டேல், பதவிக்காலம் முடிந்தும் தொடர்ந்ததால், 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. முன்னாள் வீரர்கள் 36 பேருக்கும் தலைவர் தேர்தலில் வாக்குரிமை தரும் ஏற்பாட்டை நீதிமன்றம் முன்வைத்தது. ஆகஸ்ட் நடுப்பகுதியில் பீபா இந்தியாவை இடைநிறுத்தியது. நிர்வாகக் குழு கலைக்கப்பட்டு, மாநிலச் சங்கங்கள் மட்டும் வாக்களிக்கும் பழைய முறை திரும்பியதும் தடை நீங்கியது. செப்டெம்பர் 2ஆம் திகதி நடந்த தேர்தலில் முன்னாள் அணித்தலைவர் பைச்சுங் பூட்டியா நின்றார். அவர் காலத்தில் நாடு முழுவதும் அறிந்த பெயர் அது. அவருக்குக் கிடைத்தது ஒரு வாக்கு. எதிர்த்து நின்ற கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கழகங்களின் முன்னாள் பந்துக்காப்பாளரான சௌபே, பூட்டியாவின் புகழுக்குப் பக்கத்தில்கூட வராதவர். 2019 பொதுத் தேர்தலில் பாரதீய ஜனதாக் கட்சி வேட்பாளராக நின்றவர்.

1937இல் தொடங்கிய அச்சம்மேளனத்துக்கு ஆட்டக்காரர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. பிறகு நடந்தது என்ன? புதிய நிர்வாகம் நியமித்த பொதுச்செயலாளர் 2023 நவம்பரில் நீக்கப்பட்டார். விவகாரம் நீதிமன்றம் சென்றது. 2023 ஜூலையில் பீபா தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2025 ஜூலையில் 133க்கு இறங்கியது. தரவரிசைச் சரிவு முழுவதையும் ஒரு தலைவரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் ஆடியவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்தவர்களுக்கு இது பதில் சொல்லியாக வேண்டிய சான்று. பூட்டியா வென்றிருந்தால் வேறாகியிருக்கும் என்பாரும் உண்டு. அவர் பங்காளராக இருந்து நடத்திய யுனைட்டட் சிக்கிம் கழகத்தை அவர்களுக்கு நினைவூட்டலாம். 2012–13 பருவத்தில் ஐ-லீக்குக்கு உயர்ந்த அக்கழகம், அதே பருவத்தில் கீழிறங்கியது. பூட்டியாவின் நேர்மையை நான் ஐயுறவில்லை. 34 சங்கங்களில் 33ஐ இழந்தவருக்கு, வாக்காளர்களைத் திரட்டும் வேலை ஆட்டத்திறனால் கைகூடவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன். சம்மேளனத் தலைவரின் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை அறியக் கொழும்புக்குப் போக வேண்டாம். கோறளைப்பற்றுக் கரையோரக் கழகம் ஒன்று விலகல் முறைச் சுற்றுப்போட்டி நடத்துவதை அருகிருந்து பார்த்தால் போதும். மாரி தொடங்கினால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். ஆகவே போட்டி அதற்கு முன் முடிய வேண்டும். கோயில் திருவிழா, நோன்பு, சாதாரண தரப் பரீட்சை மூன்றையும் தவிர்த்து நாள் குறிக்க வேண்டும். மைதானத்துக்கு அனுமதி, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, மத்தியஸ்தர்களுக்குக் கொடுப்பனவு, கோட்டுக்குச் சுண்ணாம்பு, காயம்பட்டவரை ஏற்றிச் செல்ல வாகனம் என்று செயலாளரின் கொப்பியில் பட்டியல் நீளும். அரையிறுதியில் தோற்ற அணி, எதிரணியில் பதிவில் இல்லாத வீரர் ஆடினார் என்று எழுத்தில் முறைப்பாடு கொடுக்கும். பதிவுப் படிவங்களை விரித்து, புகைப்படத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டு, ஊரார் இரு பக்கமாய் நின்று கத்தும்போது தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிண்ணம் கொடுத்து ஆட்கள் கலைந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு எழுதி வரவு செலவை மூட வேண்டும். ஊரின் சிறந்த முன்கள வீரர் இதில் எதையும் ஆடும் காலத்தில் கற்றிருக்க மாட்டார். ஏனெனில் அவருக்காக இதையெல்லாம் வேறொருவர் செய்து வந்தார். அந்த வேறொருவரின் பெயர் பெரும்பாலும் பதாகையில்கூட வராது.

நட்சத்திர வீரருக்கும் இங்கே பயன் உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர் பெயரைக் கேட்டு ஆட்கள் கூடுவார்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வரும், பதின்மூன்று வயதுப் பையனின் முதல் தொடுகையைப் பார்த்தே அவனை இனங்கண்டு சொல்வார். அத்திறமைகளுக்கு உரிய இருக்கை தொழில்நுட்பக் குழு. அவரை அங்கு வைக்காமல் தலைவராக்கும் கழகம் நல்ல தேர்வாளர் ஒருவரை இழக்கிறது.

மாற்று உதாரணமாக நான் பெரிதும் மதிப்பது ஜப்பானின் சபுரோ கவபுச்சியை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆர்ஜன்டீனாவை ஜப்பான் வென்ற ஆட்டத்தில் கோல் அடித்தவர் அவர். ஆடும் காலம் முடிந்ததும் அவர் நேரே சம்மேளன நாற்காலிக்கு வரவில்லை. ஃபுருகாவா மின் நிறுவனத்தில் பல்லாண்டு ஊழியராக உழைத்தார். பேரம் பேசுவதும் கூட்டம் நடத்துவதும் கணக்குப் பார்ப்பதும் அவருக்கு அங்கு கைவந்தன. 1993இல் தொடங்கிய ஜே-லீக்கின் முதல் தலைவரான அவர், கழகங்கள் முதலாளி நிறுவனத்தின் பெயரை விட்டு ஊரின் பெயரைத் தாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். செல்வாக்குள்ள உரிமையாளர்கள் எதிர்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை. நமக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று. 2014இல் ஜப்பானியக் கூடைப்பந்துச் சங்கத்தைச் சர்வதேசச் சம்மேளனம் இடைநிறுத்தியபோது அதைச் சீர்செய்ய அழைக்கப்பட்டவரும் இவரே. 2015இல் தடை நீங்கியது. கூடைப்பந்தில் அவர் நட்சத்திரமல்லர். அங்கு உதவியது, அலுவலகத்தில் கழிந்த அந்தப் பல்லாண்டுகள்.

ஆடுகளத்துக்கும் நாற்காலிக்கும் இடையில் ஒருவர் என்ன செய்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நெதர்லாந்துப் பந்துக்காப்பாளர் எட்வின் வான் டெர் சார் 2011இல் ஓய்வுபெற்று, விளையாட்டு முகாமைத்துவம் படித்து, அயக்ஸ் கழகத்தின் சந்தைப்படுத்தல் பொறுப்பில் இருந்த பின்பே 2016இல் தலைமை நிர்வாகியானார். 2019இல் அக்கழகம் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது.

புகழுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: கணக்குக் கேட்கப் பிறர் கூச்சப்படுவது. சாம்பியாவின் கலுஷா புவால்யா 2008இல் தன் நாட்டுச் சங்கத்தின் தலைவரானார். 2012இல் சாம்பியா ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது. 2018இல் பீபாவின் ஒழுக்கநெறிக் குழு அவருக்குத் தடை விதித்தது. மேன்முறையீட்டில் அது பின்னர் குறைக்கப்பட்டது. வெற்றியும் வழுவலும் ஒருவரிடமே சேர்ந்து வரக்கூடும். ஆடாதவர்கள் இதில் மேலானவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. இலங்கைச் சம்மேளனத்தை நீண்டகாலம் ஆண்ட மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் பீபா விதித்தது ஆயுட்காலத் தடை. தணிக்கை பலவீனமாக உள்ள அமைப்பில் யார் அமர்ந்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது. புகழ்பெற்றவர் அமரும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இலங்கையில் இன்னொரு தடையும் சேர்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சரின் கையில் பெரும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, 2008 ஜனவரியில் கிரிக்கெட் இடைக்காலக் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டு அதே ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டார். 2023 நவம்பரில் மீண்டும் நியமிக்கப்பட்டார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நியமனத்தை நிறுத்திவைத்தது. சில நாட்களில் ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்தியது. அமைச்சர் கொடுத்த நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு பெரிய வீரராயினும், வாக்களித்த கழகங்களின் ஆதரவு அவர் பின்னால் இல்லை.

மட்டக்களப்பு வெபர் மைதானம் யாருடைய பெயரைத் தாங்குகிறதோ, அந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபரை இம்மாவட்டம் நினைவில் வைத்திருப்பது, பிள்ளைகளை ஆடப் பழக்கியதற்காகவும் அவர்களுக்கு இடம் உண்டாக்கியதற்காகவும்தான். அந்த மரபு நமக்கு இருக்கையில், கல்குடாப் பகுதிக் கழகங்களும் மாவட்ட மட்ட அமைப்பும் தத்தம் யாப்பில் இரண்டு விதிகளைச் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு. தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் ஏதாவது ஒரு கழகத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ ஒரு முழுப் பதவிக்காலம் இருந்து, கணக்கைப் பொதுக்கூட்டத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். தொழில்நுட்பக் குழுவில் முன்னாள் வீரர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்; வீரர் தெரிவில் தலைவர் தலையிடக் கூடாது. கடலுக்குப் போய் வரும் வீரருக்கு இந்த விதி கதவை அடைத்துவிடும் என்ற எதிர்ப்பு வரலாம். செயலாளர் பதவிக்கு நம் கழகங்களில் போட்டி இருப்பது அரிது. ஆள் கிடைக்காமல் ஒருவரையே ஆண்டுக்கணக்காய் வைத்திருக்கும் கழகங்கள்தான் அதிகம். 34 வயதில் காலணியைக் கழற்றும் வீரர் அடுத்த மாதமே அந்தக் கொப்பியைக் கையில் எடுத்தால், 40 வயதுக்கு முன்பே தலைவர் பதவிக்கு நிற்கும் தகுதியைப் பெற்றுவிடுவார்.