ஸனது இல்லாத ஒலிநாடா

திண்டிவனத்தில் என் தாய்மாமன் மர்ஹூமாகி ஓராண்டு கழிந்தபின், அன்னாரின் மர அலமாரியை ஒழுங்கு செய்யுமாறு மாமி பணித்தார்கள். பழைய நிக்காஹ் அழைப்பிதழ்களுக்கும் மீலாது விழா மலர்களுக்கும் அடியில் ஒலிநாடா ஒன்று கிடந்தது. தொண்ணூறு நிமிட நாடா. அட்டையில் ஊதா மையில் எழுதியிருந்தது இவ்வளவே: ‘ஹனீபா. விழுப்புரம். 2’.

முதலாவது எங்கே என்று கேட்பதற்கு மாமா இல்லை. மாமிக்கும் தெரியவில்லை. பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓடவிட்டோம். முதலில் இரைச்சல், பிறகு மடக்கு நாற்காலிகள் உராயும் ஓசை, ஒரு குழந்தையின் அழுகை, ‘உட்காருங்கப்பா, மறைக்குது’ என்று யாரோ அதட்டும் குரல். அதன் பின்னரே, அத்தனை ஓசைகளையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, நாகூர் இ. எம். ஹனீபா அவர்களின் குரல் எழுந்தது. இசைத்தட்டு நிறுவனம் எதுவும் வெளியிட்ட நாடா அன்று இது. கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்த ஒருவர், தம் மடியிலோ காலடியிலோ பெட்டியை வைத்துப் பதிந்தது.

1925 டிசம்பர் 25-ஆம் நாள் பிறந்து, 2015 ஏப்ரல் 8-ஆம் நாள் மறைந்த அப்பெருங்கலைஞரைப் பற்றி நம் வாசகர்க்கு அறிமுகம் வேண்டுவதில்லை. ‘இசைமுரசு’ என்பது வெறும் புகழ்ச்சிப் பட்டம் அன்று. அக்குரலின் இலக்கணமே அது. மீலாது மேடை, திராவிட முன்னேற்றக் கழக மேடை ஆகிய இரண்டிலும் அது ஒலித்தது. இறைவனிடம் கையேந்துமாறு அழைக்கும் அவரது பாடல் சமயம் கடந்து தமிழகமெங்கும் பரவியது. அவையெல்லாம் இசைத்தட்டுகளில் உள்ளன, இனியும் இருக்கும். ஆனால் பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் கொள்வது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். பாடகர் அந்த அளவுக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டார். மேடையில் அவருக்கு அந்தக் கட்டு இல்லை. என் மாமாவின் நாடாவில் ஓர் அடியை அவர் ஐந்து முறை திருப்பிப் பாடுகிறார். ஐந்தாம் முறை சுருதி ஏறும்போது கூட்டம் முழுவதும் ஒரு மூச்சை உள்ளிழுப்பது கேட்கிறது. இசைத்தட்டில் இந்த மூச்சு இல்லை.

இத்தகைய பதிவுகள் நம் இல்லங்களுக்கு வந்த வழி எளிது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கையடக்க ஒலிநாடாவை வெளியிட்டது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதன் பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சபர் போனோர் பெருகினர். விடுப்பில் திரும்பியவர் பெட்டியில் அத்தர், சேலை, போர்வை ஆகியவற்றோடு ஒரு ‘டூ இன் ஒன்’னும் இருக்கும். பகலில் அதில் வானொலி; இரவில் மீலாது மேடை. மனைவிக்குக் கடிதம் எழுதத் தெரியாத சபுராளி, தம் குரலையே நாடாவில் பதிந்து அனுப்பியதும் உண்டு. அதே நாடாவின் மேல் பிற்பாடு கச்சேரியைப் பதிந்துவிட்ட வீடுகளும் உண்டு என்பதை எண்ணினால் மனம் சற்றுக் கலங்கும்.

அப்பெட்டிகளின் குணங்களை அறியாதவர் இந்நாடாக்களைத் தவறாகப் படித்துவிடுவர். ஓசையின் அளவைத் தானே சீர் செய்யும் அமைப்பு அவற்றில் இருந்தது. கூட்டம் அமைதியானால் கருவி தன் செவியைக் கூர்மையாக்கும். அப்போது தொலைவில் குரைக்கும் நாயும் பதியும். பாடகர் திடீரென உச்சத்தில் எழுந்தால் அஞ்சிச் சுருங்கும். ஹனீபா அவர்களின் முதல் எழுத்து பல நாடாக்களில் நசுங்கி ஒலிப்பது இதனாலேயே. அவர் தொண்டையின் குறை அன்று. பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக ஓடிப் பதியும். பின்பு சரியான வேகத்தில் கேட்கும்போது குரல் உண்மையைவிட உயர்ந்து, மென்மையாகிவிடும். ‘அந்தக் காலத்தில் எவ்வளவு உச்சத்தில் பாடினார்!’ என்று வியப்போர், அவ்வியப்பில் ஒரு பங்கைத் தளர்ந்த பேட்டரிக்கும் தரவேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நாடாவில், பேரோசை அடுத்த சுற்றின்மேல் நிழலாகப் படியும். ஆகவே அவர் வாய் திறப்பதற்கு ஓரிரு விநாடி முன்பே அக்குரலின் நிழல் மெல்லக் கேட்கும். மாமாவின் நாடாவில் இது மூன்று இடங்களில் உள்ளது.

கேட்போர் பதிந்து வைக்கும் இவ்வழக்கம் நம் ஊரில் மட்டும் தோன்றியதன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கின் நூலகர் லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரை அங்கு நடந்தவற்றைத் துண்டு துண்டாக மெழுகு உருளைகளில் பதிந்தார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிட அளவே. ஆயினும் அக்காலப் பாடகர் சிலரின் மேடைக் குரலுக்கு அவையே சான்று. மதுரை மணி ஐயர் (1912–1968) அவர்களின் இசையை இன்று நாம் கேட்பதும் பெரும்பாலும் கச்சேரிகளில் பதிந்த நாடாக்களின் வழியே. மேலைநாட்டு ராக் இசைக் கூட்டங்களில் இது ஒரு மறைவு வேலையாகவே வளர்ந்தது. லெட் செப்பலின் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1970 செப்டம்பர் 4-ஆம் நாள் பாடியதை ரசிகர்கள் பதிந்தனர். அது திருட்டுத் தட்டாகவே வெளியாகி உலகெங்கும் சென்றது. அதே நகரில் 1977-இல் அக்குழுவினரைப் பதிந்த மைக் மில்லார்ட் என்பவர், சக்கர நாற்காலியில் கருவியை ஒளித்துக்கொண்டு நுழைந்தார். கிரேட்புல் டெட் குழுவினரோ 1984-இல் பதிவாளருக்கெனத் தனி இடமே ஒதுக்கித் தந்தனர்.

எகிப்தின் உம்மு குல்சூம் அம்மையாரின் நிலை வேறு. மாதத்தின் முதல் வியாழன் இரவில் கெய்ரோ வானொலி அவரது கச்சேரியை நேரடியாக ஒலிபரப்பியது. ஒரே பாடல் ஒரு மணி நேரத்தைக் கடந்து செல்லும். கூட்டம் ‘மீண்டும்’ என்று கூவ, அவர் மீண்டும் பாடுவார். 1975-இல் அவர் மறைந்தபோது அந்த இரவுகளில் பல வானொலியின் காப்பில் இருந்தன. நம் தெருக்கோடி மேடைக்கு வானொலி நிலையம் வருவது எங்ஙனம்? பதிந்தவர் பெட்டி வைத்திருந்த நம் உறவினரே.

இங்கேதான் எனக்குக் குறை உண்டு. ஒரு செய்தியை ஏற்குமுன் ‘யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார்’ என்று ஸனது வினவிய அறிஞர்களின் வழி வந்தவர்கள் நாம். ஹதீஸ் கலையின் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். நம் கையால் பதிந்த நாடாவில் ஆள், ஊர், நாள் ஆகிய மூன்றையும் எழுதவில்லை. அந்த ராக் இசை ரசிகர்கள் அதைச் செய்தனர்: எந்தக் கருவி, பதிந்த முதல் நாடாவா, அதன் நகலா, நகலின் நகலா என்று பட்டியலிட்டுப் பேணினர். நகல் ஒவ்வொன்றிலும் இரைச்சல் கூடும் என்பதால் அவர்களுக்கு இது பக்தியன்று, தேவை. நமக்கும் அத்தேவை இருந்தது, உணரவில்லை.

என் நாடாவின் ‘விழுப்புரம்’ பாடிய ஊரா, நகலெடுத்த ஊரா? அன்று பேருந்து நிலையங்களை ஒட்டி நாடா நகலெடுக்கும் கடைகள் இருந்தன. கேட்ட பாடல்களை வரிசையாகப் பதிந்து கொடுப்பர். மாமா வணிக வேலையாக வாரம் ஒருமுறை விழுப்புரம் போய்வந்தவர். நாடாவின் இரண்டாம் பக்கத்தில் ஒரு நீராவி எஞ்சினின் கூவல் கேட்கிறது. தாம்பரம்–விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதை 1960-களில் மின்மயமானது. அதன்பின் தெற்கே செல்லும் வண்டிகளுக்கு விழுப்புரத்தில் மின் எஞ்சினைக் கழற்றி, நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ பூட்டினர். எனவே அக்கூவல் திண்டிவனத்தைவிட விழுப்புரத்துக்கே பொருந்தும் என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விழுப்புரத்துக்குத் தெற்கே ரயில் பாதை ஓரமாய் இருந்த எந்த ஊருக்கும் அது பொருந்துமே!

விழுப்புரத்தில் நெடுங்காலம் மைக் செட் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் நாடாவைக் கொண்டுசென்றேன். கண்களை மூடிக் கேட்டார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “கூம்பு ஒலிபெருக்கி நாலு கட்டியிருக்காங்க தம்பி. ஒண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கு, எதிரொலி வருது பாருங்க” என்றார். “எந்த ஊர், அத்தா?” என்று கேட்டேன். “சுவர் இருக்கிற ஊர்” என்று சிரித்துவிட்டார்.

இதைப் பிறருக்கு நகலெடுத்துத் தரலாமா என்று மாமி கேட்டார்கள். தகுந்த கேள்வி. நிகழ்த்தும் கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் உரிமை உண்டு என்பதை நம் பதிப்புரிமைச் சட்டம் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே ஏற்றது. பதிபவர் தம் சொந்த உபயோகத்துக்கெனப் பதிவதும், ஆய்வுக்கும் கற்பித்தலுக்குமெனப் பதிவதும் குற்றமாகா என்றும் அதே சட்டம் சொல்கிறது. விற்பது வேறு. மேடையில் பாடிப் பிழைத்த கலைஞர்களின் நாடாக்களை நகலெடுத்து விற்றோர் பலர். அதில் பாடியவருக்குக் காசு போனதில்லை. அமானிதம் என்ற சொல்லை அறிந்த நாம் அதனை மறைக்க வேண்டியதில்லை. நான் ஒரு நகலைக் கணினியில் ஏற்றி வைத்தேன், எவருக்கும் விற்கவில்லை.

ஏற்றும்போதே ஒரு பாடல் போயிற்று. அழுத்தும் பஞ்சுத் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நாடா உருளையில் சிக்கிக் கசங்கி, ஒரு சாண் அளவு பாழாயிற்று. அதை ஒட்டவைத்தபின் அந்த ஐந்தாம் முறை உயர்வு பிழைத்தது. அதற்கடுத்த பாடலின் தொடக்கம் பிழைக்கவில்லை. வீடுகளில் நாடா வைத்திருப்போர், ஓடவிடுமுன் அந்தப் பஞ்சைப் பாருங்கள். பூஞ்சை வெண்மையாகப் படிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், அறிந்தவரிடம் கொடுங்கள்.

அட்டையின் உட்புறத்தில் இப்போது பென்சிலால் எழுதியுள்ளேன்: பாடியவர் நாகூர் ஹனீபா. பதிந்தவர் தெரியவில்லை. ஊர் விழுப்புரமாக இருக்கலாம். திண்டிவனத்தில், தாய்மாமன் இல்லத்தில் கிடைத்தது. கீழே என் பெயரையும் கிடைத்த நாளையும் இட்டேன். ‘ஹனீபா. விழுப்புரம். 1’ என்று ஊதா மையில் எழுதிய நாடா எவரது அலமாரியிலேனும் இருக்குமாயின், அன்புகூர்ந்து இவ்விதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நாடாவை அனுப்ப வேண்டியதில்லை. அதன் தொடக்கத்தில் கூட்டத்தை வரவேற்பவர் எந்த ஊரின் பெயரைச் சொல்கிறார் என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.