தோட்டத்துக் காலை உணவும் அதன் விலையும்

பதுளை நகருக்கு அண்மையில், நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களில் காலையில் உண்ணப்படுவது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீருமாகும். இதுவே தோட்டத்து மக்களின் தொன்றுதொட்ட உணவு எனக் கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் அரிசியும் கேழ்வரகும் உண்டு பழகியவர்கள். கோதுமை அவர்தம் ஊர் உணவன்று. ரொட்டி லயத்து அடுப்புக்கு வந்த வரலாறு சுவையின் வரலாறன்று, விலையின் வரலாறேயாகும்.

பல கிளைகளில் ஒரே விலைக்கு விற்கும் பெருநிறுவனத்தின் காலை உணவு மலிவானதா, தெருமுனைச் சிறுகடையின் உணவு மலிவானதா என்னும் வினா இன்று நகரங்களில் எழுப்பப்படுகின்றது. ஊவாவில் இவ்வினா வேறோர் உருவில் முன்னரே எழுந்துவிட்டது. பெருநிறுவனத்தின் இடத்தில் அங்கு நின்றது தோட்டத்து அரிசிக் களஞ்சியம். சிறுகடையின் இடத்தில் நின்றவை கடைவீதியின் தேநீர்க்கடையும் பலசரக்குக் கடையுமாம்.

புகையிரதப் பாதை 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் அடைந்தது. அதற்கு முன்னர் ஊவாவுக்கு வேண்டிய அரிசி மாட்டு வண்டிகளிலேயே மலையேறியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அவ்வரிசியைத் தோட்ட நிருவாகமே தருவித்துத் தொழிலாளர்க்கு வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கடைவிலை ஏறும் காலங்களில் இம்முறை தொழிலாளர்க்கு ஓரளவு காப்பாக அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் உண்டதன் விலை, கூலி கைக்கு வருமுன்னரே பேரேட்டில் கழிந்துவிடும். கங்காணியிடம் பட்ட கடனும் இதனோடு சேர்ந்தது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பின்னர் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி 54 சதம். பெண்ணுக்கு அதனினும் குறைவு.

கடைவீதிக் கடையோ இதற்கு மாறானது. சில்லறையாக வாங்குவோர்க்கு அங்கு விலை கூடுதலே. எனினும் கடைக்காரர் ஆளை அறிந்தவர். சம்பள நாள்வரை பொறுப்பவர். விலையைப் பற்றி அவரோடு வாதிடலாம். கடன் கொப்பியும் ஒரு தளைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் களஞ்சியத்தின் விலையைக் குறித்து வாதிடுவதற்கு எதிரில் எவரும் இலர்.

1942 இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மிய அரிசி நின்றது. உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது; அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா இறக்குமதியாயிற்று. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்லவேண்டிய பெண்ணுக்கு விரைவில் ஆக்கத்தக்க உணவும் அதுவே. போர் முடிந்த பின்னரும் மா நிலைத்தது, பழஞ்சோறு பின்வாங்கியது.

இதன்பின் விலையை வரையறுக்கும் அதிகாரம் தோட்டத்திலிருந்து தலைநகருக்குப் பெயர்ந்தது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, நாடளாவிய ஹர்த்தால் மூண்டு பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வாக்குடைய மக்களின் சினம் ஓர் அரசாங்கத்தையே அசைத்தது. தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனை அடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்குரிமையை ஏற்கனவே பறித்திருந்தன. தம் காலை உணவின் விலையை முடிவுசெய்யும் மன்றத்துக்கு உறுப்பினரைத் தெரியும் உரிமை அவர்கட்கு இருக்கவில்லை.

இதன் முழுக்கொடுமை 1973, 1974 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறின. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. பாணும் மாவும் விலை உயர்ந்தன. கிராமத்தவர்க்குப் பலாமரமும் மரவள்ளிப் பாத்தியும் ஓரளவு கைகொடுத்தன. லயத்தில் வாழ்ந்தோர்க்கோ சொந்தமாக ஒரு கொடி படரவும் நிலமில்லை. களஞ்சியத்தில் இல்லாததைக் கடையில் வாங்கப் பணமும் இல்லை. பட்டினியாலும் அதனையொட்டிய நோயாலும் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. எனினும் அவ்வாண்டுகளில் மாண்டோர்க்கு அது காலங்கடந்த மாற்றமே.

1980 இல் திருகோணமலையிற் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. 1984 இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. இரண்டாவது நிகழ்ச்சியே காலை உணவின் வரலாற்றில் பெரிதெனலாம். ரொட்டியைச் சுட்டவளின் உழைப்புக்கு அன்றுதான் ஒத்த விலை ஏற்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்காகியபோது, 2021 இல் பெரும் போராட்டத்தின் பின் வரையறுக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் விரைவில் தன் பெறுமதியை இழந்தது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

பெருங்களஞ்சியம் மலிவா, சிறுகடை மலிவா என்ற வினாவுக்குச் சதக்கணக்கில் விடை கூறின் பல வேளைகளிற் களஞ்சியமே வெல்லும். ஆயின் ஊவாவின் வரலாறு அவ்வினாவோடு நிற்கவிடவில்லை. உண்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையில்லாத இடத்தில் வழங்கப்படும் மலிவு, வழங்குபவர் விரும்பும் நாள்வரைக்குமே மலிவு. 1974 இல் லயங்களிற் குளிர்ந்து கிடந்த அடுப்புகள் உணர்த்திச் சென்ற உண்மை இதுவேயாகும்.