வீடு முதலில், வைத்தியசாலை பிறகு

ஹெலன்ஸ்பர்க் என்றால் நமக்கு உடனே நினைவு வருவது 1985இல் கும்பாபிஷேகம் கண்ட வெங்கடேஸ்வரர் கோயில். கிறிஸ்தவளான நானும் சிநேகிதிகளோடு அங்கே போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊர் 1880களில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தால் உண்டான ஊர். முதலில் வேலை வந்தது, புகையிரதம் வந்தது, அவற்றை ஒட்டி வீடுகள் வந்தன. இன்று நான் சொல்லப்போவது இந்த ஒழுங்கு தலைகீழான சிட்னிப் புறநகர்களின் கதை.

இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 3,00,000 வீடுகள் பற்றாக்குறை. போருக்குப் போனவர்கள் திரும்பினார்கள், கலியாணங்கள் நடந்தன, ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சனம் வந்தது. இன்றைய ரிவர்வூட்டில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்காகக் கட்டிய வைத்தியசாலையின் மரக் கட்டடங்களையே பிரித்துக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். நோயாளர் விடுதி வீடானது. ஒரு தாதியாக அந்தச் செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

1942இல் அமைந்த நியூ சவுத் வேல்ஸ் வீடமைப்பு ஆணைக்குழு, 1961இல் லிவர்பூலுக்கு மேற்கே கிரீன் வலியில் வேலையைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் பண்ணை நிலத்தில் சுமார் 6,000 வீடுகள். பஸ்பி, மில்லர், ஹெக்கன்பர்க், ஆஷ்குரொஃப்ட் என்று புதிய பெயர்கள். அவற்றில் கார்ட்ரைட் என்பது லிவர்பூலின் ஆரம்பகாலப் போதகர் ராபர்ட் கார்ட்ரைட்டின் பெயர்.

வாடகை அறைகளில் நெருக்குண்டு கிடந்தவர்களுக்கு அது பெரும் ஆசீர்வாதம். தனி வீடு, தனிக் குளியலறை, பிள்ளைகள் ஓடி விளையாட வளவு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புகையிரதப் பாதை அங்கே போகவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகளுள்ள இளம் குடும்பங்கள். வீட்டில் கார் இருந்தாலும் அது காலையிலேயே கணவரோடு வேலைக்குப் போய்விடும். காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லிவர்பூல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள் தாய்தான்.

அதே பாடம் மவுண்ட் ட்ரூயிட்டிலும் திரும்பியது. 1960களில் ஆணைக்குழுவின் வீடுகள் எழத் தொடங்கின. வைத்தியசாலை திறக்கப்பட்டது 1982இல். முதல் வீடுகளில் பிறந்த குழந்தைகள் அதற்குள் பள்ளியை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பிற்காலத்தில் இந்த இடங்களுக்குக் கெட்ட பெயர் வந்தபோது, பழி அங்கே குடியிருந்தவர்கள் மேல் விழுந்தது. திட்டம் வரைந்தவர்களின் மேசை வரை அது போகவில்லை.

இதை இன்று ஏன் சொல்கிறேன்? மார்ஸ்டன் பார்க்கிலும் லெப்பிங்டனிலும் நம்மவர்கள் புது வீடு வாங்குகிறார்கள். எத்தனை அறை, எத்தனை சதுர மீட்டர் என்று கேட்கிறோம். அவசரத்துக்கு எந்த வைத்தியசாலை, எத்தனை நிமிடம், கார் ஓட்டாத அம்மா எப்படிப் போவார் என்பதையும் கேளுங்கள். விற்பவரிடம் மட்டுமல்ல, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடமும் கேளுங்கள்.