முறையிடும் பேய்: அண்மைக்காலத் திகில் படங்களில் பின்கதையும் பயமும்

தமிழ்ப் பேய்ப்படத்தில் வரும் பேய் பெரும்பாலும் ஒரு முறையீட்டோடு வருகிறது. முதல் பாதியில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், மாடியில் யாரோ நடப்பார்கள், குழந்தை ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசும். இடைவேளைக்குப் பிறகு பூசாரியோ மந்திரவாதியோ பாதிரியாரோ யாரென்று விசாரிக்க, பேய் தன் கதையைச் சொல்லத் தொடங்கும். அந்தப் பின்கதையில் ஒரு கொலை இருக்கும். கொலைக்குப் பின்னால் நிலமோ பணமோ கணவனின் சந்தேகமோ இருக்கும். கதை முடிவதற்குள் அரங்கில் இருப்பவர்கள் பேயின் பக்கம் சாய்ந்திருப்பார்கள். வில்லன் சாவான், பேய் விடைபெறும். வசூலில் பலமுறை வென்ற அமைப்பு இது. பயம் என்ற ஒன்றை மட்டும் வைத்து அளந்தால் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம். பேயின் நியாயம் நிலைபெற நிலைபெறப் பார்வையாளரின் பயம் கரைகிறது. 2022 முதல் வந்துள்ள தமிழ், மலையாளத் திகில் படங்கள் சிலவற்றில் எது பயமுறுத்துகிறது, எது வெறும் சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்பதை இந்தக் கணக்கைக் கொண்டு ஓரளவு விளக்கலாம்.

இந்த அமைப்பின் முழு வடிவம் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011). இருட்டினால் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் அளவுக்குப் பயந்தாங்கொள்ளியான நாயகன், கோவை சரளாவின் அலறல், கிண்டல், ஓட்டம் என்று முதல் பாதி போகிறது. பிறகு சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் கதை வருகிறது: அவரது நிலத்தை அபகரித்தவர்கள் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். படத்தின் சமூக வலு முழுவதும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு பெரிய நடிகர் கேலிக்கு இடம் தராமல் அப்பாத்திரத்தைச் செய்தது அன்றைய வணிக சினிமாவில் சின்ன விஷயமல்ல. ஆனால் அதற்குப் பின் படத்தில் பயம் மிச்சமில்லை. பேய் நாயகனின் உடம்பிலேயே புகுந்து வழக்கை நடத்துகிறது. நட்சத்திரத்தின் உடம்பைக் கண்டு ரசிகர் பயப்படுவதில்லை, கைதட்டுவார். இறுதியில் கோயிலுக்குள் ஒளிந்துகொண்ட வில்லனைத் தன்னிடம் விடும்படி பேய் தெய்வத்திடமே முறையிடுகிறது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.

முறையிடும் பேய் சினிமா கண்டுபிடித்ததல்ல. திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நீலி கதை இதன் மூத்த உருவம். கணவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறப்பில் பேயாகி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவி எடுத்திருக்கும் அவனைத் தேடி ஊர்ச்சபை முன் வந்து நிற்கிறாள். தன்னைக் கைவிட்ட கணவன் இவனே என்று வழக்குரைக்கிறாள். சபையோர் நம்புகிறார்கள். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேர் வாக்களிக்கிறார்கள். அன்றிரவு அவன் சாகிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் சாயல் உண்டு என்பதால் கதையின் பழமை தெளிவு. கவனிக்க வேண்டியது, இங்கே முறையீட்டைக் கேட்டவர்களும் சாகிறார்கள் என்பது. நீலியின் குறை நியாயமானது, ஆனால் அதைக் காதுகொடுத்துக் கேட்பது ஆபத்தானது. சினிமா இக்கதையிலிருந்து முறையீட்டை எடுத்துக்கொண்டு, கேட்பவருக்கு நேரும் ஆபத்தை விட்டுவிட்டது. பயம் கழன்ற இடம் அதுதான்.

பயத்தோடு சிரிப்பைக் கலப்பதற்காகத் தமிழ்ப் படங்களைக் குறைசொல்வோர் உண்டு. அந்தக் குறை அவ்வளவு பொருந்தாது. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பசியால் புலம்பி, போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, பந்தி வைத்து உண்கின்றன. அந்தப் பகுதியின் அருவருப்பும் நகைச்சுவையும் பிரிக்க முடியாதவை. சிரிப்புப் பேய்க்கு இங்கே தொள்ளாயிரம் ஆண்டு மரபு இருக்கிறது. அண்மைப் படங்களில் பயம் கெட்டுப்போனது சிரிப்பினால் அல்ல.

திடுக்கிடலும் பயமும் வேறு என்பதையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். காட்சியை அமைதியாக்கி, கண்ணாடி அலமாரியைச் சாத்தும் கணத்தில் பின்னணி இசையை ஓங்கி அறைந்தால் எவரும் துள்ளுவார்கள். அது உடம்பின் அனிச்சைச் செயல். எதிரே நிற்பது பேயா பூனையா என்பது அதற்குத் தேவையில்லை. அரை நொடியில் அது அடங்கிவிடும். பயம் என்பது படம் முடிந்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு எழுந்து போகும்போதும் கூட வருவது. திடுக்கிடலை எண்ணிக்கையில் பெருக்குவதால் இரண்டாவது கிடைப்பதில்லை. பெரும்பாலான படங்களின் ஒலி அமைப்பு இந்த வேறுபாட்டை மதிப்பதே இல்லை.

முறையீட்டை வைத்துக்கொண்டே பயத்தையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. ஹிடியோ நகாதாவின் 'ரிங்கு' (1998) படத்தில், பார்த்தவரை ஏழு நாளில் கொல்லும் ஒளிநாடா ஒன்றின் மூலத்தைத் தேடும் பத்திரிகையாளர், கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட சடாகோ என்ற பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுக்கிறார். வழக்கமான படம் அங்கே முடிந்திருக்கும். அவள் கதை தெரிந்துவிட்டது, உடல் மீட்கப்பட்டுவிட்டது, இரக்கமும் காட்டியாகிவிட்டது. மறுநாள் தொலைக்காட்சித் திரையிலிருந்து சடாகோ தவழ்ந்து வெளியே வருகிறாள். அவளது குறையைத் தீர்த்தால் சாபம் நீங்கும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பவைத்து, அந்த நம்பிக்கையையே பொறியாக்கியிருக்கிறார் இயக்குநர். கேட்டவருக்கும் பாதுகாப்பில்லை. நீலி கதையின் தர்க்கம் இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

தமிழில் இந்தப் பாதைக்குப் பக்கத்தில் வந்தவை சில உண்டு. விக்ரம் கே. குமாரின் 'யாவரும் நலம்' (2009) தொலைக்காட்சித் தொடருக்குள் குடியிருப்போரின் வாழ்க்கையையே ஓடவிட்டது. லிஃப்ட் ஒரே ஒருவனுக்கு மட்டும் வேலைசெய்ய மறுப்பது போன்ற சில்லறை இடைஞ்சல்களால் முதல் பாதியில் அது எழுப்பும் கலக்கத்தைத் தமிழில் பின்வந்த படங்கள் எட்டவில்லை. துப்பறியத் தொடங்கியதும் படம் தளர்கிறது. கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) பேயின் முறையீட்டையே ஒரு பொய்யாக்கியது. நாயகன் வைரங்களை மறைக்கப் புனைந்த கதை என்று தெரியும்போது முன்பு பயந்தவர்களுக்கு வெட்கமும், கடைசியில் உண்மையான வீட்டுக்குள் அவன் நுழையும்போது இரட்டிப்புப் பயமும் வருகின்றன. இரண்டும் தனித்தனி முயற்சிகளாகவே நின்றுவிட்டன. தொடர்ந்து எடுக்கப்பட்டது காஞ்சனாவின் வழிதான்.

அண்மைப் படங்களுக்கு வந்தால், சுந்தர் சி.யின் 'அரண்மனை 4' (2024) அமைப்பளவில் ஒரு புதுமை செய்கிறது. தமன்னா நடித்த தாயின் ஆவி குழந்தையைக் காக்கும் நல்ல பேய். நியாயமெல்லாம் அவள் பக்கம். தீமைக்கு வேறொரு பேய் தேவைப்படுகிறது. அதற்காகப் படம் அஸ்ஸாமுக்குப் போய், தான் கொன்றவரின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும் 'பாக்' என்ற நீர்ப்பேயைக் கொண்டுவருகிறது. உள்ளூர்ப் பேய்களுக்கெல்லாம் குறை இருப்பதால் குறையில்லாத பேயை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கையான நிலைமை. இந்த வகைப்படம் தன் சிக்கலைத் தானே உணர்ந்திருக்கிறது என்பதற்கும் அது அடையாளம். நமக்கு வேண்டியவரின் முகத்தில் வேறொன்று இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு முழுப் படத்தைத் தாங்கக்கூடியது. அதை உருமாற்ற வித்தையாகவும் வரைகலைச் சண்டையாகவும் செலவழித்துவிட்டார்கள்.

அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி 2' (2024) வேறுவகையில் நழுவுகிறது. 2015இல் வந்த முதல் பாகம் சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே இருக்கும் ஒரு தெருவின் வதந்தியை எடுத்து, நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் பூட்டியது. வெளியேறும் வழியில்லாத அந்த அறைதான் அதன் பலம். இரண்டாம் பாகத்தில் புத்தகம், நூலகம், இரட்டையர், குறிப்பிட்ட ஆண்டு இடைவெளியில் திரும்ப வரும் சாவுகள், புத்தத் துறவி என்று விதிகள் பெருகுகின்றன. விதிகள் தெளிவானதும் பேய் ஒரு புதிராகிறது. புதிருக்கு விடை காண முயலும் மனம் சுறுசுறுப்பாக இருக்கிறது, பயப்படுவதில்லை. விறுவிறுப்பான படம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம், திகில் படம் என்று சொல்லத்தான் தயக்கம்.

இந்த ஆண்டுகளில் உண்மையான பயத்தைத் தந்தவர் மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவன். அவரது 'பூதகாலம்' (2022) சோனி லிவ் தளத்தில் நேரடியாக வெளியானது. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் தாயாக ரேவதி, வேலையில்லாத மகனாக ஷேன் நிகம், வாடகை வீடு ஒன்று; பாட்டி இறந்தபின் அந்த வீட்டில் ஏதோ மாறுகிறது. மகன் சொல்வதைத் தாய் நம்பவில்லை, தாயின் நிலையை மகன் பொறுக்கவில்லை, இருவரையும் உறவினர் நம்பவில்லை. வீட்டைக் காலி செய்யக்கூடாதா என்பது எல்லாப் பேய்ப்படங்களிலும் ரசிகர் கேட்கும் கேள்வி. பல படங்கள் அதற்கு மழுப்பலாகவே பதில் சொல்கின்றன. இங்கே பணமின்மையும் சோர்வும் சேர்ந்து கதவைப் பூட்டியிருப்பதால் கேள்வியே எழுவதில்லை. முந்தைய குடித்தனக்காரர்களுக்கு நேர்ந்ததை ஒரு மனநல ஆலோசகர் தேடி அறிகிறார். அந்தத் தகவல் பார்வையாளருக்குக் கிடைக்கிறது. ஆனால் அதனால் ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் இருப்பது எதையும் கேட்கவில்லை, எவரையும் குற்றம்சாட்டவில்லை. தீர்த்துவைக்கக் குறையேதும் இல்லாததால் சமாதானத்துக்கும் வழியில்லை. இறுதி இரவில் கேமரா அவசரப்படாமல் அறைவாசல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இசை வெகுநேரம் ஒதுங்கி நிற்கிறது. தாயும் மகனும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கும் கணத்தில்தான் பேய் முழு உருவில் வருகிறது என்ற ஏற்பாடு நுட்பமானது. அதுவரை ஒருவருடைய நோயாக ஒதுக்கப்பட்டது, இருவரும் சேர்ந்து பார்த்தபின் மறுக்க முடியாததாகிவிடுகிறது.

அவரது அடுத்த படமான 'பிரமயுகம்' (2024) இக்கட்டுரையின் முதல் கூற்றுக்கே ஒரு திருத்தம் கேட்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கேரளம், கறுப்பு வெள்ளை, இடிந்த மனை, ஓயாத மழை. அடிமை வணிகர்களிடமிருந்து தப்பிய தேவன் என்ற பாணன் அங்கே தஞ்சம் புக, மனைக்கு உரிய கொடுமன் போற்றியாக மம்மூட்டி அவனை உபசரிக்கிறார். பாடச் சொல்கிறார், பகடையாட அழைக்கிறார். தோற்றவன் பந்தயமாக வைத்தது தன் வாழ்நாளை. நாட்கள் குழம்புகின்றன, தேவனுக்குத் தன் தாயின் நினைவே மங்குகிறது. போற்றியின் உருவில் இருப்பது, முன்பு போற்றி குலத்தவன் ஒருவனிடம் அடிமைப்பட்டு வதைபட்ட சாத்தன் என்ற ஏவல் பேய் என்று பின்னர் தெரிகிறது. ஆக இங்கே பின்கதை இருக்கிறது, நியாயமான முறையீடும் இருக்கிறது. ஆனாலும் பயம் குறையவில்லை. அடிமையாயிருந்தவன் எசமானின் உடம்பை மட்டுமல்ல, அவன் பழக்கத்தையும் சுவைத்துவிட்டான். அவன் பட்ட துயரத்தை அறிந்து இரங்கும் தேவனுக்கே கடைசியில் அந்தச் சக்தி குடியேற இடமாகும் விதி. எனவே பயத்தைக் கரைப்பது பின்கதை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியாகாது. பின்கதைக்குப் பிறகு ஒரு நல்ல தீர்ப்பு வரும், அதைக் கேட்டவர்கள் பத்திரமாக வீடு திரும்புவார்கள் என்ற உறுதிமொழிதான் கரைக்கிறது. நட்சத்திரத்தைக் கையாண்ட விதமும் இதோடு சேர்ந்தது. மம்மூட்டியின் சிரிப்பும் நிதானமும் ரசிகர்கள் பல்லாண்டுகளாக நம்பியவை. அந்த நம்பிக்கை இங்கே தேவனுக்கு எதிராகத் திரும்புகிறது.

குடும்பத்தோடு, குழந்தைகளோடு வந்து பார்க்கும் படம் எதற்காகத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. காஞ்சனா வகைப் படங்கள் விற்பது பயத்தை அல்ல, பயந்து முடித்த நிம்மதியை. அந்தச் சரக்கு அவற்றில் கலப்படமில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அதே அமைப்பு, தீவிரமான திகிலை நோக்கமாக அறிவித்துக்கொண்ட படங்களையும் பிடித்திழுக்கிறது என்பதே இங்குள்ள சிக்கல். இதில் இடைவேளைக்கும் ஒரு பங்குண்டு. படத்தின் நடுவில் ஒரு பெரிய திடுக்கிடலை வைத்து விளக்கைப் போட்டுவிட்டால், திரும்பி வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்துத் தொடங்குவது எளிது; பின்கதை அந்த இடத்தில் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது. நேரடியாக இணையத் தளத்துக்குப் போன பூதகாலத்துக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. இருந்தும் இடைவேளையை நீக்குவது மட்டும் போதாது என்பதற்கு அஸ்வின் சரவணனின் 'கனெக்ட்' (2022) சான்று. 100 நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படம் இடைவேளையே இல்லாத படமாக அறிவிக்கப்பட்டது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட தாயாக நயன்தாரா, தந்தையை இழந்து அவருடன் பேச முயன்று பேயிடம் சிக்கும் மகள், கணினித் திரைக்குள்ளிருந்து பேயோட்டும் பாதிரியாராக அனுபம் கேர். தொட முடியாத தூரத்திலிருந்து மட்டுமே உதவி வரும் என்ற நிலைமை அந்தக் காலத்தின் உண்மையான அச்சத்திலிருந்து எடுத்தது. அதை முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்ட படம், பாதிரியார் வேலையைத் தொடங்கியதும் பல ஹாலிவுட் படங்களில் பழகிய பேயோட்டும் சடங்குக்குள் போய்விடுகிறது. சடங்கு வெற்றிபெறும் என்பது பார்வையாளருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது.