தொட்டா பத்திக்கும்!

ராக்கெட்டுன்னா நமக்கு கவுண்ட்டவுன், புகை, கைத்தட்டல், அவ்வளவுதான். போன வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அந்த எரிபொருளோட புழங்கினவங்க கதையைத் தோண்டிப் படிச்சேன். தூக்கம் போச்சு.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ராக்கெட் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163. அதுக்கு இரண்டு திரவங்கள். டி-ஸ்டாஃப் என்பது சுமார் 80% ஹைட்ரஜன் பெராக்சைடு. சி-ஸ்டாஃப் என்பது மெத்தனால், ஹைட்ரசீன் ஹைட்ரேட், தண்ணீர் கலவை. இரண்டும் சந்தித்தால் தீப்பொறியே வேண்டாம், தானாகப் பத்திக்கும். இஞ்சினுக்கு இது வரம். பக்கத்துல நிக்கிற மனுஷனுக்கு? டி-ஸ்டாஃப் பருத்தித் துணியில் பட்டால் துணி எரியும், தோலில் பட்டால் தோல் வெந்துபோகும். அதை எங்கே வெச்சாங்க தெரியுமா? விமானியின் இருக்கைக்கு இரண்டு பக்கமும்! அதனால் விமானிகளுக்குப் பருத்தி இல்லாத தனி உடுப்பு தைத்தார்கள்.

போர் முடிந்தும் 'தொட்டால் பத்தும்' யோசனை சாகவில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே சேமிக்கலாம், பொத்தானை அழுத்தினால் கிளம்பும். ஏவுகணைக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்காவின் டைட்டன் 2 இப்படித்தான் வந்தது. 1978 ஆகஸ்ட் 24, கன்சாஸ் மாநிலம், ராக் என்ற சிற்றூர் அருகே அதில் நைட்ரஜன் டெட்ராக்சைடு கசிந்தது. உள்ளே இருந்தவர்கள் பாதுகாப்பு உடுப்பு போட்டிருந்தார்கள். அப்படியும் இரண்டு விமானப்படை வீரர்கள் இறந்தார்கள்.

இந்த டெட்ராக்சைடு தோலின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். பட்டதும் எரியும், அதனால் உடனே தெரிஞ்சுடும். ஹைட்ரசீன் வகையறா இன்னும் மோசம். தோலைப் புண்ணாக்குவதோடு நிற்காமல், அது வழியாவே ரத்தத்தில் இறங்கி கல்லீரலையும் நரம்புகளையும் தாக்கும், வலிப்பு வரும். உடம்பில் பி6 விட்டமினை வேலை செய்ய விடாமல் தடுப்பதால், அந்த வலிப்புக்கு மருந்தாக பி6-ஐயே ஊசியில் ஏற்றுகிறார்கள். முதலுதவி ரொம்ப எளிது: உடுப்பைக் கழற்று, தண்ணீரை ஊற்று, நிறுத்தாமல் ஊற்று.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதைன்னு நினைக்காதீங்க. நம்ம திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் இஞ்சின் குடிப்பதும் டெட்ராக்சைடும் ஹைட்ரசீன் குடும்பமும்தான்.

அடுத்த முறை டிவியில் பி.எஸ்.எல்.வி. கிளம்பும்போது கைதட்டுங்க. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு அந்த டாங்கை நிரப்பினவங்களுக்கும் சேர்த்து. அவங்க முகம் டிவியில் வராது.